அப்ரைசல் வேலை ஆர்வத்தை எப்போது வளர்க்கிறது, எப்போது கெடுக்கிறது?

ஆண்டு மதிப்பீடு நெருங்கும் வாரங்களில் எந்த அலுவலகத்திலும் இரண்டு பேச்சுகள் காதில் விழும். மேலாளர்கள் பக்கம்: "நல்ல ரேட்டிங் கொடுத்தா சந்தோஷமா வேலை பார்ப்பாங்க, குறைச்சுக் கொடுத்தா ரோஷம் வந்து உழைப்பாங்க." ஊழியர்கள் பக்கம்: "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணினதுதான். மேனேஜருக்கு வேண்டியவங்களுக்குத்தான் எல்லாம்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேச்சும் ரேட்டிங் என்ற எண்ணையே சுற்றி வருகின்றன. அந்த எண் எந்த வழியில் வந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. மதிப்பீட்டுக்குப் பிறகு ஒருவர் கூடுதல் முனைப்போடு வேலைக்குத் திரும்புகிறாரா, இல்லை வேறு வேலை தேடத் தொடங்குகிறாரா என்பதைப் பல நேரங்களில் அந்த வழிதான் தீர்மானிக்கிறது.

மதிப்பீடு, ஊக்கம், மனநிறைவு: மூன்றும் வேறு வேறு

ஒருவர் ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த வேலையை, அவரிடம் எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டுப் பதிவு செய்வதே பணித்திறன் மதிப்பீடு. அலுவலகப் பேச்சில் அப்ரைசல். முடிவில் ஒரு ரேட்டிங் வரும். அதைத் தொட்டு இன்க்ரிமென்ட், போனஸ், பதவி உயர்வு.

ஊக்கம் என்பது இனி என்ன செய்யப் போகிறோம் என்பது பற்றியது: எந்த வேலையை முதலில் கையிலெடுக்கிறோம், எவ்வளவு முயற்சி போடுகிறோம், தடை வந்தால் எவ்வளவு நேரம் விடாமல் நிற்கிறோம். மனநிறைவு என்பது வேலையையும் அது தந்த அனுபவத்தையும் நினைக்கும்போது வரும் உணர்வு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் குழப்பம். சம்பளமும் நேரமும் வசதியாக இருப்பதால் நிறைவாக இருக்கும் ஒருவருக்குப் புதிதாக எதையும் செய்து பார்க்கும் ஆர்வம் இல்லாமல் போகலாம். எடுத்த காரியத்தை முடித்தே தீருவேன் என்று இரவு பகலாக உழைக்கும் இன்னொருவர் உள்ளுக்குள் நிறுவனத்தின் மேல் கடும் அதிருப்தியில் இருக்கலாம்.

நிறைவாக இருப்பவர் நன்றாக வேலை செய்வார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2001இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 312 குழுக்களில் இருந்த 54,417 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனநிறைவுக்கும் பணித்திறனுக்கும் இடையே அது கண்ட தொடர்பு ஏறக்குறைய 0.30. தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாகச் சேர்ந்தே ஏறி இறங்கினால் 1. அதாவது தொடர்பு உண்மையில் இருக்கிறது, ஆனால் ஒன்று கூடினால் இன்னொன்றும் தானாகக் கூடிவிடும் என்று நம்பும் அளவுக்கு இல்லை.

வேலையில் நிறைவு தருபவையும் அதிருப்தி தருபவையும் வேறு வேறு என்று பேசியவர் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க். 1959இல் வெளியான ஆய்வில் அவரும் குழுவினரும் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் மிக நன்றாக உணர்ந்த தருணங்களையும் மிக மோசமாக உணர்ந்த தருணங்களையும் கேட்டார்கள். நல்ல தருணங்களில் சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வேலையே தந்த ஈடுபாடு ஆகியவை அதிகம் வந்தன. மோசமான தருணங்களில் நிறுவன விதிமுறைகள், நிர்வாகம், மேற்பார்வை ஆகியவை வந்தன. அவருடைய ஆய்வு முறை மேல் பின்னாளில் பல விமர்சனங்கள் எழுந்தன. ஆனாலும் அப்ரைசலைப் புரிந்துகொள்ள அந்தப் பட்டியல்கள் உதவுகின்றன. அப்ரைசல் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. அது அங்கீகாரமும்தான், நிர்வாக நடைமுறையும்தான். நடைமுறை மோசமாக இருந்தால், அங்கீகாரம் இருந்தும் எடுபடாது.

இதுவரை பார்த்தது: ஊக்கம் வேறு, மனநிறைவு வேறு. அப்ரைசல் இரண்டையும் தொடுகிறது, வெவ்வேறு வழிகளில்.

தேர்வாளரும் பயிற்சியாளரும் ஒரே நாற்காலியில்

ஒரு விளையாட்டு வீராங்கனைக்குத் தோளில் வலி. பயிற்சியாளரிடம் அதைச் சொல்வார், ஏனென்றால் சொன்னால்தான் அவர் உதவ முடியும். அணியைத் தேர்வு செய்யும் குழுவின் முன்னால் மறைப்பார், ஏனென்றால் சொன்னால் இடம் போய்விடும். இப்போது பயிற்சியாளரே தேர்வாளராகவும் இருந்தால்? வலியை யாரிடமும் சொல்ல மாட்டார்.

வழக்கமான அப்ரைசல் கூட்டம் இந்த நிலையில்தான் நடக்கிறது. "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு, மனசு விட்டுச் சொல்லுங்க" என்று கேட்பவரே, பத்து நிமிடம் கழித்து இன்க்ரிமென்ட் சதவீதத்தைச் சொல்லப்போகிறவர். முதல் வேலைக்குப் பெயர் வளர்ச்சி மதிப்பீடு: ஒருவர் எங்கே மேம்படலாம் என்று சேர்ந்து பார்ப்பது. இரண்டாவது நிர்வாக மதிப்பீடு: சம்பளம், பதவி உயர்வு பற்றி முடிவெடுப்பது. முதலாவதற்கு வெளிப்படையான பேச்சு வேண்டும். இரண்டாவதில் வெளிப்படையாகப் பேசுபவருக்கு நஷ்டம்.

இதை அளந்து பார்த்த பழைய ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஹெர்பர்ட் மேயரும் இரு சக ஆய்வாளர்களும் 92 ஊழியர்களின் மதிப்பீட்டை நுணுக்கமாகக் கவனித்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விமர்சனம், இலக்கை எட்டுவதைப் பின்னுக்கு இழுத்தது. பாராட்டுக்கு இப்படியும் அப்படியும் பெரிய விளைவு தெரியவில்லை. எந்த விஷயங்களில் மிக அதிகமாகக் குறை சொல்லப்பட்டதோ, அவற்றிலேயே முன்னேற்றம் மிகக் குறைவாக இருந்தது. குறிப்பான இலக்குகளைச் சேர்ந்து வகுத்த இடங்களில் வேலை மேம்பட்டது.

அந்த ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. தன்னுடைய பணித்திறன் சராசரிக்குக் கீழே என்று சொன்னவர்கள் 92 பேரில் வெறும் 2 பேர். அதாவது ஏறக்குறைய எல்லோரும் சராசரியோ அதற்கு மேலோ என்ற நினைப்போடுதான் கூட்டத்துக்குள் வருகிறார்கள். அங்கே "எதிர்பார்ப்பை எட்டியவர்" என்ற நடுத்தர ரேட்டிங்கைக் கேட்டாலும் பலருக்கு அது தோல்வியாகவே படும். குறைந்த ரேட்டிங் ரோஷத்தைக் கிளப்பி உழைக்க வைக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் தடுமாறுகிறது. அவர் தன் நேரத்தையும் சக்தியையும் தன்னை நியாயப்படுத்தச் செலவிடுவார், வேலையை மாற்றிக்கொள்ள அல்ல.

ஊக்கம் கேட்கும் மூன்று கேள்விகள்

கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்கலாமா என்று முடிவெடுக்கும்போது மனம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது என்று சொல்லலாம். இந்த விளக்கத்தை 1964இல் முன்வைத்தவர் உளவியலாளர் விக்டர் வ்ரூம். இதற்குப் பெயர் எதிர்பார்ப்புக் கோட்பாடு. நான் முயன்றால் வேலை முடியுமா? வேலை முடிந்தால் பலன் வருமா? வரும் பலன் எனக்கு முக்கியமா? மூன்றையும் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே பெரியது. மூன்றில் ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யம்.

அப்ரைசல் ஒவ்வொரு கேள்வியையும் எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள்.

வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஒருவருக்கு, "எல்லாப் புகார்களையும் 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்" என்று இலக்கு. பணத்தைத் திருப்பித் தரும் புகார்களுக்குக் கணக்குப் பிரிவின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மூன்று நாள் ஆகும். அவர் எவ்வளவு ஓடினாலும் அந்த இலக்கு எட்டாது. முதல் கேள்விக்கு விடை "இல்லை". இதே இலக்கை "24 மணி நேரத்துக்குள் எல்லா ஆவணங்களோடும் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்" என்று மாற்றி எழுதினால் அது அவர் கைக்குள் வந்துவிடும். வேலை அதேதான். இலக்கின் வாக்கியம் மட்டும் மாறியிருக்கிறது.

இரண்டாவது கேள்வியை உடைப்பது பெல் கர்வ் என்று அலுவலகங்களில் சொல்லப்படும் கட்டாயப் பங்கீடு. அதாவது இத்தனை சதவீதம் பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங், இத்தனை சதவீதம் பேர் கட்டாயம் அடியில் இருக்க வேண்டும் என்று முன்பே வரையறுப்பது. ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்து ஜெனரல் எலக்ட்ரிக் இதை மேலே 20, நடுவில் 70, அடியில் 10 சதவீதம் என்ற விகிதத்தில் பிரபலமாக்கியது. பத்துப் பேர் உள்ள நல்ல டீமில் அந்த விகிதத்தை அப்படியே போட்டால், பத்துப் பேரும் இலக்கை எட்டியிருந்தாலும் ஒருவர் கடைசி இடத்தில் இருந்தே ஆக வேண்டும். வேலையை முடித்தால் பலன் வரும் என்ற நம்பிக்கை போய், பக்கத்தில் இருப்பவரை முந்தினால்தான் பலன் என்ற கணக்கு வருகிறது. பிறகு யார் யாருக்கு வேலை சொல்லித் தருவார்கள்? மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013இல் கைவிட்டது.

மூன்றாவது, பலனின் மதிப்பு. ரேட்டிங் 3 வாங்கியவருக்கு 7 சதவீத உயர்வு, 4 வாங்கியவருக்கு 8 சதவீத உயர்வு என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கூடுதல் உழைப்புக்குச் சம்பளத்தில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம். பலர் இந்தக் கணக்கை இரண்டாவது ஆண்டே போட்டுவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பணத்தைவிடப் புதிய பொறுப்போ, ஒரு பயிற்சியோ, நேர வசதியோ மதிப்பாக இருக்கலாம். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குறைந்த ரேட்டிங், கூடுதல் திருப்தி

ஊக்கத்துக்கு அந்த மூன்று கேள்விகள் என்றால், மனநிறைவுக்கு மையம் நியாய உணர்வு. இதில் இரண்டு வகை. கிடைத்த பலன் நியாயமானதா என்பது பங்கீட்டு நியாயம். அதை முடிவு செய்த முறை நியாயமானதா என்பது நடைமுறை நியாயம்.

முதலாவதை எல்லோருக்கும் மனநிறைவு தரும்படி செய்துவிட முடியாது, ஏனென்றால் ஒதுக்கிய பணம் ஓர் அளவுதான். இரண்டாவதைச் செய்ய முடியும். அதற்கு மூன்று அம்சங்கள் போதும் என்று ஆய்வாளர்கள் வகுத்தார்கள்: எதை வைத்து மதிப்பிடுவோம் என்று முன்கூட்டியே தெரிவிப்பது, முடிவுக்கு முன் ஊழியரின் தரப்பைக் கேட்பது, ஆதாரத்தின் மேல் தீர்ப்புச் சொல்வது. நீதிமன்றங்கள் பின்பற்றும் அதே நெறிதான்.

1995இல் வெளியான ஒரு களப் பரிசோதனையில் சூசன் டெய்லரும் சக ஆய்வாளர்களும் இந்த மூன்றையும் கொண்ட புதிய முறையைச் சிலருக்கும், பழைய முறையைச் சிலருக்கும் பயன்படுத்தினார்கள். புதிய முறையில் மதிப்பிடப்பட்டவர்களுக்கு ரேட்டிங் குறைவாகவே வந்தது. ஆனால் முறை நியாயமானது, மதிப்பீடு துல்லியமானது என்று சொன்னவர்களும், மேலாளர் மேலும் முறையின் மேலும் நல்லெண்ணம் கொண்டவர்களும் அவர்களே. இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பேசும் வாய்ப்பின் பங்கு குறிப்பாகப் பெரியது. 1998இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், அப்ரைசலில் ஊழியரின் பங்கேற்புக்கும் அதைப் பற்றிய அவருடைய நல்லெண்ணத்துக்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. பேசியதால் முடிவு மாறியதா என்பதைக் காட்டிலும், தன் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்ததா என்பதே கூடுதல் எடை பெற்றது. ஒரு எச்சரிக்கை: முடிவை எழுதி வைத்துவிட்டு "உங்க கருத்து என்ன?" என்று கேட்பது பேசும் வாய்ப்பு ஆகாது. ஊழியர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். கேட்காமலே இருந்ததைவிட மோசமான கசப்பு அதில்தான் வரும்.

சுருக்கம்: முறை நியாயமாக இருந்தால் மனிதர்கள் கடினமான முடிவையும் ஏற்கிறார்கள்.

ரேட்டிங் யாரை அளக்கிறது?

முறையில் ஏன் இவ்வளவு அக்கறை வேண்டும் என்றால், ரேட்டிங் நாம் நினைக்கும் அளவுக்குத் துல்லியமான அளவுகோல் அல்ல. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே, ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். உடல்தகுதி, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாம் ஒருவருக்கு ஒரே மாதிரி உயர்ந்தோ தாழ்ந்தோ வந்தன. ஒரு நல்ல குணம் மற்ற எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் போடுவதை ஒளிவட்ட விளைவு என்கிறோம். கூட்டங்களில் நன்றாகப் பேசுபவருக்கு, அவர் எழுதும் அறிக்கையும் சிறப்பு என்று மதிப்பெண் விழுவது இதனால்தான். கடைசி இரண்டு மாத வேலை மட்டும் நினைவில் நின்று மொத்த ஆண்டையும் தீர்மானிப்பது அண்மைச் சார்பு. ஆண்டு மதிப்பீட்டில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழைகளில் இதுவும் ஒன்று.

2000இல் வெளியான ஓர் ஆய்வு, 4,000க்கும் மேற்பட்ட மேலாளர்களுக்குப் பலர் கொடுத்த மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தது. மதிப்பெண்களில் தெரிந்த வேறுபாட்டில் பாதிக்கும் மேல், மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்தே வந்தது: இரண்டு தரவுத் தொகுப்புகளில் 62 சதவீதமும் 53 சதவீதமும். ஒருவர் தாராளமாகப் போடுவார், ஒருவர் கஞ்சத்தனமாகப் போடுவார். ஒருவருக்கு நேரம் தவறாமை பெரிது, இன்னொருவருக்குச் சுறுசுறுப்பு பெரிது. "மேனேஜர் மாறினா ரேட்டிங் மாறுது" என்று ஊழியர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆதாரம் குறைவாக இருக்கும் இடத்தில் மனித மனம் இப்படித்தான் இயங்கும்.

ஒரே குறை, இரண்டு வாக்கியங்கள்

ஒருவரின் வேலை எப்படி இருந்தது என்று அவருக்கே திருப்பிச் சொல்வது ஃபீட்பேக். ஃபீட்பேக் கொடுத்தாலே வேலை மேம்படும் என்பது பொதுவான நம்பிக்கை. அவ்ரஹாம் குளூகரும் ஆஞ்செலோ டெனிசியும் 1996இல் 607 ஆய்வு முடிவுகளைத் தொகுத்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில் ஃபீட்பேக்குக்குப் பிறகு பணித்திறன் குறைந்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம்: கவனம் வேலையின் மேல் இருக்கும் வரை ஃபீட்பேக் உதவுகிறது. கவனம் "நான் எப்படிப்பட்டவன்" என்பதை நோக்கித் திரும்பிவிட்டால் பலன் குறைகிறது.

மாத அறிக்கை தாமதமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "நீங்க பொறுப்பா இருக்கிறதில்லை, இன்னும் சீரியஸா எடுத்துக்கணும்" என்பது முதல் வாக்கியம். இதைக் கேட்பவர் தன் குணத்தைக் காப்பாற்ற முயல்வார். "கடைசி மூணு மாசத்துல ரெண்டு அறிக்கை 5ஆம் தேதிக்குப் பதிலா 9ஆம் தேதி வந்துச்சு. அதனால பில்லிங் ஒரு வாரம் தள்ளிப்போச்சு. எந்த இடத்துல நேரம் ஆகுது?" என்பது இரண்டாவது. இதில் எண்ணிக்கை இருக்கிறது, விளைவு இருக்கிறது, பதில் சொல்லக்கூடிய கேள்வி இருக்கிறது. இங்கே பேச்சு தரவு தாமதமாக வரும் பிரிவைப் பற்றியோ, தெரியாத எக்செல் சூத்திரத்தைப் பற்றியோ போகும். அங்கிருந்துதான் ஏதாவது மாறும்.

நடைமுறையில் எப்படிச் செய்வது

ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவருக்கு 3 முதல் 5 இலக்குகள் போதும். பத்துக்கு மேல் போனால் எதுவும் நினைவில் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ஆதாரத்தை வைத்துப் பார்ப்போம் என்று எழுதுங்கள். "இதன் முடிவு பெரும்பாலும் இவர் கையில் இருக்கிறதா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேலை நடுவில் மாறினால் அந்த வாரமே இலக்கையும் எழுத்தில் மாற்றுங்கள். ஆண்டு முடிவில் "அந்தப் புராஜெக்ட்தான் நின்னு போச்சே" என்று தொடங்கும் சண்டைகளெல்லாம் இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வருபவை.

மேலாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் வாரம் இரண்டு வரி குறித்து வைக்க வேண்டும்: தேதி, நடந்தது, விளைவு. ஐந்து பேர் டீமுக்குப் பத்து நிமிடம். அண்மைச் சார்புக்கு இதைவிட எளிய மருந்து கிடையாது. நல்லதையும் எழுதுங்கள். தவறு மட்டும் எழுதப்பட்ட ஏடு குற்றப்பத்திரிகையாகிவிடும். மாதம் ஒருமுறை 20 நிமிடம் இந்தக் குறிப்புகளை வைத்துப் பேசினால், ஆண்டு இறுதியில் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது.

அடுத்தது, இரண்டு நாற்காலிகளைப் பிரிப்பது. வளர்ச்சிப் பேச்சும் சம்பளப் பேச்சும் வெவ்வேறு நாளில், குறைந்தது சில வாரங்கள் இடைவெளி விட்டு நடக்கட்டும். வளர்ச்சிப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் பாதியில் ஊழியரைப் பேச விடுங்கள். அவர் தன் சுயமதிப்பீட்டை ஒரு வாரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும், மேலாளர் அதைப் படித்துவிட்டு வர வேண்டும். மேம்பட வேண்டியவை என்று இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். சம்பளப் பேச்சுக்கு 15 நிமிடம் போதும்: முடிவு, அதன் காரணம், அடுத்த முறை என்ன இருந்தால் முடிவு மாறும்.

மேலாளருக்கு மேலாளர் மதிப்பெண் மாறுவதைக் குறைக்க, பல மேலாளர்கள் உட்கார்ந்து ரேட்டிங்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கூட்டம் உதவும். அதில் கெட்டுப்போவது ஒன்று உண்டு: குரல் உயர்ந்த மேலாளரின் ஆட்களுக்கு ரேட்டிங் உயர்ந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று விதி வைத்தால் இது குறையும். பெல் கர்வை நிரப்புவதற்காக மட்டும் இந்தக் கூட்டத்தை நடத்துவதானால் நடத்தாமலே இருக்கலாம். கடைசியாக, முடிவை ஏற்காதவர் வேறொருவரிடம் முறையிட வழி வேண்டும். முறையீடு அதே மேலாளரிடமே திரும்பி வந்தால் அது முறையீடே இல்லை.

ரேட்டிங்கையே எடுத்துவிட்டால்?

மென்பொருள் நிறுவனமான அடோபி 2012இல் ஆண்டு மதிப்பீட்டை நிறுத்தி, ஆண்டு முழுவதும் அவ்வப்போது பேசும் முறைக்கு மாறியது. வேறு பல நிறுவனங்களும் அந்தப் பாதையில் போயின. அடிக்கடி பேசுவது நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எண் போனாலும் இன்க்ரிமென்ட் போவதில்லை. யாருக்கு எவ்வளவு என்று யாரோ ஒருவர் முடிவு செய்துதான் ஆக வேண்டும். அந்த முடிவுக்கான அளவுகோலைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்தால், ரேட்டிங் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். முன்பு ஊழியர் எதிர்த்துக் கேட்க ஒரு எண்ணாவது இருந்தது. எனவே ரேட்டிங்கை நீக்கும் நிறுவனம் சம்பள முடிவின் காரணங்களை முன்பைவிடத் தெளிவாக எழுதித் தர வேண்டும்.

ஊழியர் கையில் உள்ளவை

மேலாளர் குறிப்பு எழுதாவிட்டால் நீங்கள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம்: இந்த வாரம் முடித்தது, அதனால் யாருக்கு என்ன பயன், யார் பாராட்டி மெயில் அனுப்பினார்கள், எங்கே தாமதம், ஏன். இலக்கில் ஏதாவது மாறினால், "நாம் பேசியபடி இனி இந்த வேலைக்கு முன்னுரிமை" என்று இரண்டு வரி மெயில் போடுங்கள்.

எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ரேட்டிங் வந்தால், கோபம் இருக்கும்போதே வாதிட வேண்டாம். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். பிறகு உங்கள் குறிப்புகளோடு போய், எந்த இலக்கில், எந்தச் சம்பவங்களை வைத்து இந்த முடிவு வந்தது என்று கேளுங்கள். அடுத்த ரேட்டிங்குக்கு என்ன செய்து காட்ட வேண்டும் என்பதையும் கேட்டு, பதிலை அன்றே மெயிலில் எழுதி மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். குறிப்பான பதில் வந்தால், ரேட்டிங் பிடிக்காவிட்டாலும் வேலை செய்ய ஒரு திசை கிடைத்துவிட்டது. "பொதுவா ஒரு அபிப்ராயம்தான்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை என்றால், அந்த ரேட்டிங்குக்குப் பின்னால் பதிவான ஆதாரம் இல்லை என்று பொருள். எச்.ஆரிடம் எழுத்தில் முறையிடும்போது வைக்க வேண்டிய முதல் வாதமும் அதுவே.